இரண்டு திதியும் ஒரு தெம்பாயானும்

பெயர்: சிவகாமசுந்தரி. பிறப்பு: 12 ஜனவரி 1920, மலாக்கா, காஜா பேராங். தொழில்: மசாலை அரைத்து விற்பது. திருமணம்: 6 பிப்ரவரி 1938. கணவர்: அப்பாசாமி, கிடங்கில் மூட்டை எடை பார்ப்பவர். ஒரே மகள்: விஜயா, பிறப்பு 3 ஏப்ரல் 1939. கணவரை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்ற நாள்: 19 ஜூன் 1943. கணவரின் ஈமக்கடன் நடந்த நாள்: 14 ஜூலை 1946, ஞாயிறு.

இவை காஜா பேராங் சாலையோரத்தில் இருந்த சிறு முருகன் கோயிலின் சடங்குப் பதிவேட்டிலும், குடும்பத்தாரிடம் உள்ள தாள்களிலும் காணப்படுபவை. இவற்றுள் கடைசிப் பதிவு பிழையானது. ஆயினும் அது விதிப்படி, சாட்சிகளோடு, கண்ணீரோடு எழுதப்பட்ட பிழை.

1946ஆம் ஆண்டு சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர், வாந்திபேதி கண்டவர்களை இடும் கொட்டகைக்குள் அப்பாசாமியைத் தூக்கிச் சென்றதைத் தம் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் கொட்டகையிலிருந்து நடந்து வெளியே வந்தவர் யாரும் இல்லை என்றும் சொன்னார். உடல் கிடைக்காத சாவுக்கு உருவம் செய்து எரிக்க வேண்டும் என்பது முறை. கோயில் பண்டாரம் மாணிக்கவாசகம் முன்னூற்றறுபது புல் தாள்களை எண்ணி அடுக்கினார். தருப்பை கிடைக்காததால் சாலையோரத்து லாலாங் புல் பயன்பட்டது. தலைக்கு நாற்பது தாளும் ஒரு முற்றிய தேங்காயும். அப்பாசாமியின் தம்பி கணேசமூர்த்தி மொட்டையடித்துக் கொள்ளி வைத்தார். சாம்பல் உஜோங் பாசிர் கடலில் கரைக்கப்பட்டது.

இறந்தவரின் உயிர் முதல் பத்து நாளும் பசியோடும் தாகத்தோடும் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதும், நாளுக்கு ஒன்றாக வைக்கப்படும் பிண்டத்தால் அதற்குத் தலை, தோள், மார்பு என்று வரிசையாகப் புது உடம்பு வளரும் என்பதும் நம்பிக்கை. போர் முடிந்த புதிது, அரிசிக்குப் பங்கீடு. மரவள்ளிக் கிழங்கு மாவில் பிண்டம் பிடிக்கலாம் என்று பண்டாரமே இடம் கொடுத்தார். சிவகாமசுந்தரி ஒப்பவில்லை.

"கிழங்கு தின்னேதான் போனாரு. இனிமேலாச்சும் சோறு தின்னட்டும்" என்று சொல்லித் தம் பங்கு அரிசி முழுவதையும் கொடுத்துவிட்டார். பத்து நாளும் தாயும் மகளும் கிழங்கு தின்றனர்.

அதன் பிறகு வெள்ளைச் சேலை. மலாக்கா பசாரில், மீன் கடைகளுக்கும் காய்கறிக் கடைகளுக்கும் நடுவே, வாழையிலை மீது சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரைத்த மசாலை உருண்டைகளோடு அவர் உட்கார்ந்தார். வருபவர்களிடம் அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: மீனுக்கா, கோழிக்கா, எத்தனை பேருக்கு? மஞ்சள் பூசக் கூடாத அந்தக் கைம்பெண்ணின் கைகள் முழங்கை வரை எப்போதும் மஞ்சளாகவே இருந்தன. ஒருமுறை கோயிலில் சில பெண்கள் இதைப் பற்றி முணுமுணுத்தபோது, "நான் பூசல. அதுவா ஒட்டிக்கிச்சி. நாளைக்குக் கொழம்பு வைக்கணும்னா பேசாம போங்க" என்றார். அவர்கள் பேசாமல் போனார்கள்.

1957 ஆகஸ்டில் விஜயாவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தேவதாஸ், தந்தி அலுவலகத்தில் எழுத்தர். செப்டம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதே முருகன் கோயிலில், காலை ஏழரை முதல் ஒன்பது வரை முகூர்த்தம். கணேசமூர்த்தியும் அவர் மனைவியும் தாரை வார்த்துக் கொடுப்பது, கைம்பெண்ணான தாய் மடப்பள்ளியில் இருந்துகொள்வது என்பது ஏற்பாடு. மசாலை, பாத்திரம், பந்தல் எல்லாவற்றையும் சிவகாமசுந்தரி தாமே பார்த்துப் பார்த்துச் செய்தார். பெற்ற மகளின் கையைத் தம் கையால் பிடித்துக் கொடுக்க முடியாது என்ற ஒன்றை மட்டும் அவரால் செரிக்க முடியவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் அம்மிக்கல் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டது என்று விஜயா பின்னர் நினைவுகூர்ந்தார்.

ஆகஸ்டு 27, செவ்வாய். காலை பத்து மணிக்கு நெடிய, வழுக்கை விழுந்த ஒருவர் துணிப்பையோடு கோயிலுக்கு வந்தார்.

"ஐயா, திதி ஒண்ணு குடுக்கணும்" என்றார்.

பண்டாரம் பதிவேட்டைப் பிரித்தார். "யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு. பன்னண்டு வருஷமா சயாம்ல ஆத்தங்கரையில எனக்குத் தெரிஞ்ச மாதிரி குடுத்துக்கிட்டிருந்தேன். இந்த வருஷம் சொந்த ஊருல, கடல்ல குடுக்கலாம்னு வந்தேன்."

"பேரு?"

"சிவகாமசுந்தரி."

பேனா நின்றது. "அந்தம்மாவுக்கு எந்த ஊரு?"

"இதே ஊருதான். செட்டிக் கம்போங்குக்குப் பின்னால அத்தாப்பு ஓலைக் கூரை வரிசை இருந்திச்சில்ல, அங்க. நாப்பத்துநாலுல தீயில போயிட்டா."

"உம்ம பேரு?"

"அப்பாசாமி."

பண்டாரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு வந்தவரின் கால்களைப் பார்த்தார். ஆவிக்குக் கால் தரையில் பாவாது என்பது அவர் படித்தது. இந்தக் கால்கள் பாவியிருந்தன, சேறும் ஒட்டியிருந்தது.

"சிவகாமசுந்தரிக்குத் திதி குடுக்க முடியாது" என்றார் மெதுவாக. "காலையிலதான் அவகிட்ட ரச மசாலை வாங்கினேன்."

அப்பாசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்கா சொல்லுங்க ஐயா."

"ரச மசாலை வாங்கினேன்யா. மிளகு கம்மின்னு சொன்னேன். என்னை ஒரு புடி புடிச்சா. உசுரோட இருக்கா. ஆனா உமக்குத்தான் நான் கருமாதி பண்ணியிருக்கேன்."

பதிவேட்டின் பழைய பக்கம் திருப்பிக் காட்டப்பட்டது. அப்பாசாமி தம்முடைய ஈமக்கடன் விவரத்தை விரல் வைத்துப் படித்தார். அழுதுகொண்டிருந்தவர் ஓரிடத்தில் நிமிர்ந்தார்.

"என் தலைக்குத் தேங்காயா வச்சீங்க?"

"நல்ல முத்தின தேங்காய்."

வழுக்கையைத் தடவிக்கொண்டே அவர் சிரித்தார். உடனே வீட்டுக்கு ஓட எழுந்தவரைப் பண்டாரம் கையைப் பிடித்து நிறுத்தினார். பத்து நாள் பிண்டம் வாங்கி, முன்னோர் வரிசையில் சேர்க்கப்பட்டவர் அப்படியே வாசற்படி மிதிக்கக் கூடாது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை திருமணம் நடக்கவிருக்கும் குடும்பத்தில்.

"யாருக்குக் கல்யாணம்?"

"உம்ம மகளுக்கு."

அப்பாசாமி மறுபடி உட்கார்ந்தார்.

பொதுப்பணித் துறை லாரி ஓட்டிய கணேசமூர்த்திக்கு ஆள் போயிற்று. லாரியோடு வந்து இறங்கியவர் அண்ணனைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தார். பண்டாரம் குறுக்கே நின்றதும், தூரத்தில் நின்றே அழுதார்.

"அண்ணே, நான் மொட்டையெல்லாம் போட்டேனேண்ணே!"

அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்தவரும் அவரே. இலையை விரித்துச் சோறு வைத்து, இரண்டடி பின்வாங்கி, பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் வானத்தைப் பார்த்து "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டார். இரண்டு காகங்களும் வந்துவிட்டன. அப்பாசாமி அவற்றுக்கு ஒரு பிடி போட்ட பிறகே உண்டார்.

இதற்கான பரிகாரச் சடங்கு முடியும்வரை கணவனும் மனைவியும் பேசக் கூடாது என்று பண்டாரம் விதித்தார். அப்பாசாமி எதற்காகக் கோயிலுக்கு வந்தார் என்பதையும் அவர் வெளியே விடவில்லை. உயிரோடு இருப்பவருக்குத் திதி கேட்டார்கள் என்பதைத் திருமண வாரத்தில் சொல்வது மங்கலமன்று என்று கருதினார். இதனால் சிவகாமசுந்தரிக்குத் தெரிந்தது ஒன்றே: கணவர் உயிரோடு இருந்திருக்கிறார், பதினோரு ஆண்டுகளாக வரவில்லை.

பகல் ஒரு மணிக்குப் பசாரிலிருந்து அவர் நேரே வந்தார். மதிலுக்கு அப்பால் நின்று பார்த்தார். அப்பாசாமி எழுந்து நின்றார். நெடுநேரம் பார்த்த பிறகு, சிவகாமசுந்தரி கணேசமூர்த்தியிடம் திரும்பினார்.

"தம்பி, சயாம்ல கடுதாசி போடக் காகிதம் இல்லையான்னு கேளு."

அப்பாசாமி வாய் திறந்தார். பண்டாரம் கையை உயர்த்தினார். பதிலுக்குக் காத்திராமல் சிவகாமசுந்தரி போய்விட்டார்.

புதன்கிழமை மாப்பிள்ளையின் தாய் பூங்காவனம் வந்தார். நல்ல மனிதர், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கு முன்பே யோசிப்பவர்.

"சம்பந்தி, நான் தப்பா சொல்றேன்னு நெனைக்காதீங்க. நீங்க பொட்டோட மேடையில நிக்கலாம். வெள்ளையோட உள்ள இருக்கலாம். ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம். புருஷன் கோயில்ல ஒக்காந்திருக்காரு, நீங்க வெள்ளையில இருக்கீங்கன்னா, கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது? ஞாயித்துக்கெழமை காலையில இது நேராகணும். இல்லன்னா தை மாசம் பாத்துக்கலாம்."

தேவதாஸ் வரும் செவ்வாய்க்கிழமை மாற்றலாகிக் குவாந்தானில் வேலை ஏற்க வேண்டியவர். தை என்பது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் என்ன வேண்டுமானாலும் மாறலாம்.

அன்று மாலை பண்டாரம் தம்முடைய பழைய சடங்கு நூலோடு வீட்டுக்கு வந்தார். உயிரோடு இருப்பவருக்குத் தவறுதலாக ஈமக்கடன் செய்துவிட்டால் அதற்கும் விதி இருந்தது. நெய் நிறைந்த குடத்தினுள் அவரைக் கருவிலிருக்கும் குழந்தையைப் போல உட்காரவைத்து, மந்திரம் சொல்லி, வெளியே எடுக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குச் செய்யும் சடங்குகள் எல்லாம் செய்து, பெயரிட்டு, கடைசியில் அதே மனைவியை மறுபடி மணமுடிக்க வேண்டும்.

"அப்படிப் பொறந்தவருக்கு நான் என்ன வேணும்?" என்று சிவகாமசுந்தரி கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம்மா. அவரு புதுசு. ஒனக்குச் சம்மதம்னா கட்டிக்கலாம். இல்லன்னா அவரு வேற எடம் பாத்துக்கலாம்."

"வேற எடமா!"

விஜயா தாயின் அருகில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, எனக்காக யாரையும் கட்டிக்காதீங்க. சித்தப்பா தாரை வார்த்தா போதும். தைன்னா தைதான்."

சிவகாமசுந்தரி எழுந்து அம்மிக்குப் போய்விட்டார்; வியாழக்கிழமை முழுவதும் மசாலை அரைத்தார். கணவரை ஏற்றுக்கொண்டால் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கலாம். ஆனால் அதற்காக மட்டும், தம்மை மறந்துவிட்டு எங்கோ வாழ்ந்த ஒருவருக்குக் கழுத்தை நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. வியாழன் இரவு உணவின்போது முடிவைச் சொன்னார்: "புது மாப்பிள்ளைதானே? நான் பாத்துப் பேசணும். நாலு கேள்வி கேக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை கோயில் கொட்டகையில் அது நடந்தது. பேச்சுத் தடையை இதற்கு மட்டும் தளர்த்தி, இறந்தவரும் உயிரோடு இருப்பவரும் அருகில் முகம் பார்க்காமல் இருக்க, பண்டாரம் குறுக்கே கயிறு கட்டித் தம் வேட்டி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டார். இந்தப் பக்கம் சிவகாமசுந்தரி, விஜயா. அந்தப் பக்கம் அப்பாசாமி, கணேசமூர்த்தி. நடுவே, வேட்டியின் விளிம்பில், நூலோடு பண்டாரம்.

"சயாம்ல சம்சாரம் இருக்கா?" இது முதல் கேள்வி.

"இல்ல."

"சத்தியமா?"

"புத்தர் கோயில் அடுப்படியில இருவது சாமியாருக்குச் சோறு பொங்கிக்கிட்டிருந்தேன். அந்த இருவது பேரும் சாட்சி."

"அப்ப ஏன் வரல?"



"யாருகிட்ட வர்றது, சிவகாமி? நீதான் செத்துட்டியே."

சிவகாமசுந்தரி பண்டாரத்தைப் பார்த்தார். பண்டாரம் நூலைப் பார்த்தார். அப்பாசாமி சொல்லத் தொடங்கினார். வாந்திபேதிக் கொட்டகையில் பிழைத்துக் கிடந்தபோது, மலாக்காவிலிருந்து புதிதாக வந்த ஓர் ஆள் அத்தாப்பு வரிசை முழுவதும் எரிந்ததைச் சொல்லியிருக்கிறார்; உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றும்.

"எரிஞ்சது நெசம்தான்" என்றார் சிவகாமசுந்தரி. "அன்னிக்கு நாங்க மரவள்ளி வாங்க டுரியான் துங்கால் போயிருந்தோம்."

"எனக்கு எப்படித் தெரியும்? என் பக்கத்துல படுத்திருந்தவருக்கு மந்திரம் கொஞ்சம் தெரியும். அவரு சொல்லச் சொல்ல, ஆத்தங்கரையில வைக்கோல்ல உருவம் கட்டினேன். உன் ஒசரத்துக்கே அளந்து கட்டினேன். குட்டையாத்தான் வந்திச்சு."

"குட்டையாவா?"

"பொண்ணுக்குக் கட்டல. சின்னப் புள்ளைக்குத் தீ வைக்க மனசு வரல. பால் மட்டும் ஊத்தினேன். அப்பறம் வருஷா வருஷம் ஒனக்குச் சோறு வச்சேன். ஊருக்கு வந்தா கடல்ல நல்லபடியா ஒரு திதி குடுத்துட்டுப் போலாம்னுதான் இப்ப வந்தேன்."

விஜயா தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாசாமியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"நான் வச்ச சோறு... ஒனக்கு வந்திச்சா?"

சிவகாமசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்திச்சி. உப்புதான் பத்தல. நான் வச்சது?"

"காரம் தூக்கல்."

முதலில் சிரித்தவர் கணேசமூர்த்தி. அப்புறம் விஜயா. சிரிப்பு அடங்கியதும், சாகாத ஆளுக்குப் பெயர் சொல்லி வைத்த சோறு எங்கே போயிருக்கும் என்று கணேசமூர்த்தி பண்டாரத்தைக் கேட்டார். அது ஆளில்லாமல் திரும்பாது, பசித்த ஆவி வேறு ஏதாவது எடுத்துக்கொண்டிருக்கும் என்றார் பண்டாரம். "கொட்டகையில என் ரெண்டு பக்கமும் கெடந்தவங்களுக்கு யாரும் இல்ல" என்றார் அப்பாசாமி. "அவங்க சாப்பிட்டிருப்பாங்க. அரிசிச் சோறா வச்சீங்க?"

"அரிசிச் சோறுதான்" என்றார் சிவகாமசுந்தரி.

அப்போதுதான் பண்டாரத்தின் முகம் மாறியது. அவர் நூலை மடியில் கவிழ்த்துவைத்தார்.

"அப்பாசாமி, வைக்கோல் உருவத்துக்குத் தீ வச்சீரா?"

"வச்சேன்."

"எள்ளும் தண்ணியும் விட்டீரா? பேரைச் சொல்லித்தானே?"

"எல்லாம் செஞ்சேன். மூணு தடவ பேரைச் சொன்னேன்."

"அப்படின்னா அம்மா," என்று பண்டாரம் மிகுந்த வருத்தத்தோடு திரும்பினார், "நீயும் செத்தவதான்."

"என்னது? செத்துப்போயா நான் பதினோரு வருஷமா பசார்ல ஒக்காந்து மசாலை விக்கறேன்?"

"அதான் அண்ணி, ஒங்களப் பாத்தாலே சனங்க பயப்படறாங்க" என்றார் கணேசமூர்த்தி.

சிவகாமசுந்தரி சற்று யோசித்தார். பிறகு எழுந்தார். "பண்டாரய்யா, செத்தவங்க செத்தவங்களப் பாக்கக் கூடாதுன்னு ஒங்க பொஸ்தகத்துல இருக்கா?"

பண்டாரம் புரட்டினார். அப்படி ஒரு விதி இல்லை.

"அப்ப இந்த வேட்டி எதுக்கு?" என்று அதைப் பிடித்து இழுத்தார். கயிறும் சேர்ந்து வந்தது.

இருவரும் மூன்று முழ இடைவெளியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "முடியெல்லாம் எங்க போச்சி?" என்று கேட்டார் சிவகாமசுந்தரி. அது கேள்விகளில் கடைசி. சம்மதம் என்பதைப் பண்டாரத்திடம்தான் சொன்னார்; ஒரு நிபந்தனையோடு. "ஆனா மொதல்ல நான்தான் பொறப்பேன். இந்தத் தடவ நான்தான் மூத்தவ."

பெண் மாப்பிள்ளையைவிட மூத்தவளாக இருக்கலாகாது என்று பண்டாரம் தயங்கினார். கால் மணி நேரம் பெரிய வயதில்லை என்று சிவகாமசுந்தரி வாதிட்டு வென்றார்.

ஓர் ஆள் அமரும் அளவுக்குக் குடமும், அது நிறைய நெய்யும் மலாக்காவில் எங்கும் இல்லை. குடம் நிறையத் தண்ணீரும் மேலே இரண்டு கரண்டி நெய்யும் போதும் என்று பண்டாரம் தீர்த்தார். குடத்துக்குச் செட்டிக் கம்போங் குடியிருப்பைச் சேர்ந்த சீதா முன்வந்தார். நெடுங்காலமாகச் சிவகாமசுந்தரியிடம் மசாலை வாங்குபவர், இந்து, ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவர் வீட்டுப் பின்கட்டில் மழைநீர் பிடிக்கும் பெரிய மண் ஜாடி, தெம்பாயான், ஒன்று இருந்தது. உயரம் மூன்றடி, வாய் பத்தொன்பது அங்குலம். அவருடைய பாட்டனார் காலத்துச் சொத்து.

மறுநாள் சனிக்கிழமை, ஆகஸ்டு 31. நாடு விடுதலை பெற்றது. ஊர் முழுவதும் திடலில் இருந்தது, பண்டாரம் உட்பட. சனிக்கிழமை தாலி கட்டும் வழக்கமும் இல்லை. எனவே பிறப்பு இரண்டும் திருமணம் இரண்டும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கே ஒதுக்கப்பட்டன. மாலையில் கணேசமூர்த்தியின் லாரி, முன்னால் கொடியும் பின்னால் தெம்பாயானுமாகக் கோயிலுக்கு வந்தது. வழியில் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

ஞாயிறு காலை 6.10. பெண்கள் சுற்றிலும் சேலைகளைப் பிடித்து நிற்க, சிவகாமசுந்தரி ஜாடிக்குள் இறங்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். மந்திரம் முடிந்ததும் எளிதாக எழுந்து வந்தார். சேலைத் திரைக்கு வெளியே நின்ற பூங்காவனம், பிரசவ வீட்டு வாசலில் நிற்கும் பழக்கத்தில் கேட்டுவிட்டார்:

"என்ன கொழந்த?"

"பொண்ணு!" என்று உள்ளிருந்து நான்கைந்து குரல்கள் வந்தன. கோயிலே சிரித்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கவும், காதில் மூன்று முறை பெயர் சொல்லவும் மூத்த சுமங்கலி ஒருவர் வேண்டியிருந்தது. பண்டாரம் பூங்காவனத்தைக் கூப்பிட்டார். அவர் சம்பந்தியின் ஈரத் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு பெயரைச் சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது தம் முந்தானையால் அந்தத் தலையைத் துவட்டினார்.

6.35க்கு அப்பாசாமி இறங்கினார். இறங்கியது சரி, மந்திரமும் சரியாக முடிந்தது. எழ முடியவில்லை. நெடிய கால்கள் ஜாடியின் தோளுக்குக் கீழே மடங்கிச் சிக்கிக்கொண்டன.

"மூச்சை உள்ள இழுண்ணே!"

"இழுத்துட்டேண்டா, வெளிய விட முடியல!"

தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். மீதமிருந்த நெய்யையும் ஊற்றினார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை தேவதாஸ் மாமனாரின் இரு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தார். ஜாடியும் சேர்ந்து நகர்ந்தது. 7.30க்கு முகூர்த்தம் தொடங்கியது. 7.50க்குப் பண்டாரத்தின் நூலில் இதற்கு விதி தேடப்பட்டது, கிடைக்கவில்லை. 8.05க்கு விஜயா மணக்கோலத்தில் வெளியே வந்து பார்த்தார். சிவகாமசுந்தரி ஈரத் தலையோடு ஜாடியின் அருகில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வெள்ளைச் சேலை போய்விட்டது. கூரைச் சேலை இன்னும் வரவில்லை. இடையே ஒரு பச்சைத் துண்டுச் சேலை.

ஜாடியை உடைக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, சீதா பக்கத்திலேயே நின்றார். மடப்பள்ளிக்குள் போய் இரும்பு உலக்கையைத் தூக்கிவந்தவரும் அவரே.

"பெச்சா லா, சிவகாமி! தெம்பாயான் போலே பெலி. லாக்கி தா போலே பெலி!"

உடைத்துவிடு, ஜாடியைக் கடையில் வாங்கலாம், புருஷனை வாங்க முடியாது என்று அவர் சொன்னதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"தலையப் பாத்து அடி" என்றார் அப்பாசாமி உள்ளிருந்து.

"தேங்காய்தானே" என்றார் சிவகாமசுந்தரி.

பத்தொன்பது ஆண்டு அம்மி அரைத்த கை. முதல் அடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கீறல். மூன்றாவதில் ஜாடி இரண்டாகப் பிளந்தது. நெய்யும் எண்ணெயுமாகத் தண்ணீர் பாய்ந்து பூங்காவனத்தின் பட்டுச் சேலையை முழங்கால் வரை நனைத்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"என்ன கொழந்த?" என்று கேட்டார்.

"பையன்" என்றார் சிவகாமசுந்தரி. "வழுக்கையாப் பொறந்திருக்கான்."

நேரம் 8.18. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். காதில் பெயர் சொல்லக் கணேசமூர்த்தி குனிந்தார், சொல்லி முடித்ததும் நிமிர்ந்து, "இனிமே நான்தான் அண்ணன். மரியாதையாப் பேசு தம்பி" என்றார். அவர் முதுகில் ஈரக் கையால் ஓர் அடி விழுந்தது. காது குத்துவதற்குப் பதில் மஞ்சள் தொட்டுவைக்கப்பட்டது. மற்றச் சடங்குகளைப் பண்டாரம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சிவகாமசுந்தரிக்கு அரக்குக் கூரைச் சேலையைச் சுற்றிவிட்டவர்கள் விஜயாவும் சீதாவும்.

கோயில் பதிவேட்டில் அன்றைய பக்கத்தில், தண்ணீர் பட்டு மை பரவிய எழுத்தில், பண்டாரம் எழுதிய நேரங்கள் பின்வருமாறு. அப்பாசாமி, சிவகாமசுந்தரி திருமணம்: 8.37. பெற்றோர் இருவரும் மேடையில் நின்று, தாய் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்து, தந்தை நீர் வார்த்தது: 8.46. தேவதாஸ், விஜயா திருமணம்: 8.52.

முகூர்த்தம் முடிய மீதமிருந்தது எட்டு நிமிடம்.